பழைய பிரித்தானிய இரும்புத் தொப்பி: ஓட்டைப் பார், பிறகு பெயின்ற்றைப் பார்

பழைய பிரித்தானிய ராணுவ ஹெல்மெட் ஒன்று கைக்கு வந்தால் அதை ஒரு பொருளாக எண்ணாதீர்கள். அது மூன்று பொருள்கள்: இரும்பு ஓடு, உள்ளே இருக்கும் லைனர், நாடிப்பட்டி. மூன்றும் வேறு வேறு தொழிற்சாலைகளில், வேறு வேறு ஆண்டுகளில் செய்யப்பட்டிருக்கலாம். அவற்றின் மேல் பெயின்ற் எத்தனை தரம் பூசப்பட்டது என்பது வேறு கணக்கு. விற்பவர் பெரும்பாலும் பெயின்ற்றைப் பற்றித்தான் பேசுவார். வகை பிரிப்பவர் ஓட்டில் தொடங்கி, லைனரையும் பட்டியையும் பார்த்து, கடைசியில்தான் பெயின்ற்றுக்கு வரவேண்டும். மாற்றுவதற்குச் சுலபமானது எதுவோ அதைக் கடைசியாக நம்புவது என்பதுதான் இந்த வரிசையின் காரணம்.

கொழும்பில் இவை இடைக்கிடை வெளிவருவதில் ஆச்சரியமில்லை. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின, 9ஆம் திகதி திருகோணமலையை. அந்தக் காலத்தில் இங்கே படைகளும் இருந்தன, விமானத் தாக்குதல் பாதுகாப்புச் சேவையும் இருந்தது. 1944இல் நேசநாட்டுப் படைகளின் தென்கிழக்காசியக் கட்டளைப் பணியகமே பேராதனைக்கு வந்தது. அதனால் இங்கே அகப்படும் தொப்பியில் இரண்டாம் உலகப்போர்க் கால மார்க் 2ஐத்தான் முதலில் எதிர்பார்க்க வேண்டும் (மார்க் என்பது மாதிரியின் வரிசை எண்). முதலாம் போர்க் காலத் தொப்பி என்று சொல்லி ஒன்று வந்தால் கூடுதலாகச் சோதியுங்கள்.

பஞ்சிகாவத்தைப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைக்கோ காலி வீதிப் பழம்பொருள் கடைக்கோ போகும்போது சட்டைப்பையில் நான்கு சாமான்கள் இருந்தால் போதும்: நூலில் கட்டிய சிறு காந்தம், சின்ன டோர்ச், மெல்லிய வெள்ளைக் கடதாசியும் மென்மையான பென்சிலும், ஒரு கிராம் வரை காட்டும் கைத்தராசு. ஊதாக்கதிர் டோர்ச்சும் உருப்பெருக்கியும் இருந்தால் நல்லது. கத்தியும் உப்புத்தாளும் வேண்டவே வேண்டாம்.

வடிவம்

தூரத்திலிருந்தே மூன்று குடும்பங்களாகப் பிரித்துவிடலாம்.

கவிழ்த்த சூப் கோப்பை போல, மேடு ஆழமில்லாமல் விளிம்பு சுற்றிவர அகலமாக இருந்தால் அது ப்ரோடி வழி வந்தது. ஜோன் லியோபோல்ட் ப்ரோடி 1915இல் காப்புரிமை பெற்ற வடிவம் இது. மேலிருந்து விழும் குண்டுச் சிதறலைத் தடுப்பதுதான் அதன் நோக்கம், விளிம்பு அகலமாக இருப்பதும் அதனால்தான். மார்க் 1, மார்க் 1 நட்சத்திரம், மார்க் 2 எல்லாம் இந்தக் குடும்பம்.

காதுக்கும் பிடரிக்கும் இறங்கி, விளிம்பு ஒடுங்கி, ஆமை ஓடு போலத் தெரிந்தால் மார்க் 3 அல்லது மார்க் 4. விளிம்பே இல்லாத உருண்டைக் கிண்ணமாக இருந்தால் வான்குடைப் படை, கவசவாகனப் படை, மோட்டார்சைக்கிள் தூதர் ஆகியோரின் குடும்பம்.

மேடு மிக உயர்ந்து, விளிம்பைச் சுற்றித் துளைகள் இருந்து, அவற்றினூடாகக் கயிறு கோத்து லைனர் கட்டப்பட்டிருந்தால் அது ராணுவத் தொப்பியே இல்லை. போர்க்காலத்தில் தீக்காவலருக்கும் பொதுமக்களுக்கும் செய்த சுக்கர்மன் தொப்பி அது. விஞ்ஞானி சொலி சுக்கர்மனின் பெயரால் வந்தது. அதை ‘அபூர்வமான அதிகாரித் தொப்பி’ என்று யாராவது நீட்டினால் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

காந்தம்

முழுச் சோதனையிலும் மிகச் சுலபமானதும் மிக நம்பகமானதும் இதுதான். 1915 இலையுதிர் காலத்திலிருந்து பிரித்தானிய ஓடுகள் ஹாட்ஃபீல்ட் மாங்கனீஸ் உருக்கில் அடிக்கப்பட்டன. சுமார் 12 சதவீதம் மாங்கனீஸ் கலந்த அந்த உருக்கைக் காந்தம் இழுக்காது. அதற்கு முந்தைய மிகத் தொடக்க கால ஓடுகள் சாதாரண மென்னுருக்கு, அவற்றை இழுக்கும்.

கடையில் கேட்டுவிட்டே செய்யுங்கள். “முதலாளி, ஒருக்கா காந்தம் வைச்சுப் பாக்கட்டே?” என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். நூலின் நுனியில் காந்தத்தைத் தொங்கவிட்டு ஓட்டின் பக்கவாட்டுக்கு அருகே கொண்டுபோங்கள். கையில் பிடித்து ஒட்டிப் பார்த்தால் மெல்லிய இழுப்பு தெரியாமல் போகும். நூலில் தொங்கினால் சிறு சாய்வும் தெரியும். நடு மேட்டில் போல்ட்டும், பக்கங்களில் பட்டி கோக்கும் காதுகளும் அவற்றின் ரிவெட்டுகளும் சாதாரண இரும்பாக இருக்கும், அவற்றுக்கு அருகே இழுப்பது கணக்கில் சேராது. ஓட்டின் நான்கு இடங்களில் சோதியுங்கள், பிறகு காந்தத்தை விளிம்பின் ஓரமாக நகர்த்துங்கள்.

ஓடு இழுக்கவில்லை, ஆனால் ஓரத்தில் மடித்திருக்கும் தகட்டுப் பட்டை ‘டக்’ என்று ஒட்டுகிறது என்றால், கையில் இருப்பது முதலாம் போர்க் கால மார்க் 1 ஓடு. ஓரத்தில் தகட்டுப் பட்டையே இல்லாமல், வெட்டிய விளிம்பு அப்படியே இருந்தால் அதற்கும் முந்தைய 1915–16 வடிவம். அந்த வெட்டு விளிம்பு கையைக் கிழித்ததால்தான் பிறகு மென்னுருக்குப் பட்டை மடித்துப் பொருத்தினார்கள்.

ஓடும் இழுக்கவில்லை, ஓரப்பட்டையும் இழுக்கவில்லை என்றால் மார்க் 2 அல்லது அதற்குப் பின் வந்தது. மார்க் 2இன் ஓரப்பட்டை கறள் பிடிக்காத உருக்கு.

எல்லா இடமும் ஒட்டுகிறது என்றால் மூன்று வாய்ப்புகள். மிக அபூர்வமான தொடக்க கால மென்னுருக்கு ஓடு, உள்நாட்டுப் பாதுகாப்புச் சேவைக்காகச் செய்த மென்னுருக்கு மார்க் 2, அல்லது அண்மையில் அடித்த போலி. மூன்றாவதுதான் மிகவும் சாத்தியம். போலிகள் பெரும்பாலும் மலிவான மென்னுருக்குத் தகடு. அசல் ஓட்டின் தகடு 20ஆம் இலக்கத் தடிப்பு, அதாவது ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. லைனரோடு முழுத் தொப்பியும் ஒரு கிலோவை ஒட்டி நிறுக்கும். கையில் எடுத்தவுடன் காற்றுப்போல இருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மேலே மூன்று நான்கு தடவை தடித்த பெயின்ற் இருந்தால் பலவீனமான காந்தம் மென்னுருக்கைக்கூடப் பிடிக்காது, ‘மாங்கனீஸ் ஓடு’ என்று ஏமாந்து வாங்குவார்கள். வீட்டில் ஏதாவது டப்பா ஒன்றில் நான்கு தாள் கடதாசி வைத்து, அதன் மேலாகவும் காந்தம் இழுக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கத் தம்பி

ப்ரோடி வடிவத்தை அமெரிக்கர்களும் 1917இல் எடுத்துக்கொண்டார்கள். தூரத்தில் இரண்டும் ஒன்று. பிரிப்பதற்குப் பட்டிக் காதைப் பிடித்திருக்கும் ஆணியைப் பாருங்கள். பிரித்தானிய மார்க் 1இல் அது இரண்டாகப் பிளந்து கால் விரித்த ஆணி. அமெரிக்கத் தொப்பியில் திண்மையான ரிவெட். விளிம்பின் கீழே இசட் எழுத்தில் தொடங்கும் முத்திரை (இசட்.ஏ., இசட்.சி. போன்றவை) இருந்தாலும் அமெரிக்கத்தான். பிரித்தானியத் தொப்பிகள் ஏறத்தாழ நான்கு இலட்சம் அமெரிக்கருக்குக் கொடுக்கப்பட்டன, ஆகவே அமெரிக்கப் படைச் சின்னம் வரைந்திருக்கும் ஒன்று பிரித்தானிய ஓடாகவும் இருக்கலாம். சின்னத்தைப் பார்த்து ஓட்டை முடிவுசெய்ய வேண்டாம்.

முத்திரை

ஓடு அடிக்கும்போதே எழுத்துகள் பதிக்கப்பட்டன. தலைகீழாகக் கவிழ்த்து, விளிம்பின் கீழ்ப்புறத்தில், பட்டிக் காதுக்கு அருகே தேடுங்கள். முதலாம் போர்க் கால ஓடுகளில் உருக்கு வார்த்தவரின் எழுத்தும் ஒரு தொகுதி எண்ணும் இருக்கும். எச்.எஸ். என்றால் ஹாட்ஃபீல்ட், எஃப்.எஸ். என்றால் தோமஸ் ஃபேர்த், வி. என்றால் விக்கர்ஸ். ஆண்டு இராது. மார்க் 2இல் தொப்பியை அடித்த நிறுவனத்தின் எழுத்தும் ஆண்டும் சேர்ந்து வரும், உருக்குத் தொகுதி எண் தனியாக இன்னொரு பக்கத்தில் இருக்கும்.

மார்க் 2இல் அடிக்கடி பார்ப்பவை: பி.எம்.பி. (பிரிக்ஸ் மோட்டர் பொடீஸ்), ஜே.எஸ்.எஸ். (ஜோசப் சாங்கி அன்ட் சன்ஸ்), எச்.பி.எச். (ஹரிசன் பிரதர்ஸ் அன்ட் ஹவ்சன்), ஆர்.ஓ. (ரூபரி ஓவன்), எஃப். அன்ட் எல். (ஃபிஷர் அன்ட் லட்லோ). கனடாவில் கனேடியன் மோட்டர் லாம்ப் நிறுவனம் அடித்தவற்றில் சி.எல். என்பதற்குக் கீழே சி. இருக்கும். ஜெனரல் ஸ்டீல் வெயர்ஸ் அடித்தவை ஜி.எஸ்.டபிள்யூ. அவுஸ்திரேலிய ஓடுகளில் சி.எஸ். என்ற உருக்கு முத்திரை வரும். ஹாட்ஃபீல்டின் எச்.எஸ். எழுத்தோடு அதை அவசரத்தில் குழப்பிக்கொள்வது வழக்கம், முதல் எழுத்தை ஆறுதலாகப் பாருங்கள்.

முத்திரை பெயின்ற்றுக்குள் புதைந்திருந்தால் சுரண்டாதீர்கள். டோர்ச்சை விளிம்போடு ஒட்டினாற்போலச் சரித்துப் பிடித்தால் எழுத்தின் நிழல் எழும். அதுவும் போதாவிட்டால் மெல்லிய கடதாசியை அந்த இடத்தில் இறுகப் பிடித்து, பென்சிலைப் படுக்கையாக வைத்து மெதுவாகத் தேயுங்கள். சிறு வயதில் ஒரு ரூபாய்க் குத்தியைக் கடதாசிக்குக் கீழே வைத்துத் தேய்த்தது போலத்தான். வெறும் கண்ணுக்குத் தெரியாத ‘1939’ கடதாசியில் வந்து நிற்கும். அந்தத் தாளைத் தொப்பியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு விற்கும்போதும் உதவும்.

பதிவின் ஆழத்தையும் பாருங்கள். தொழிற்சாலையில் பதித்த எழுத்தின் அடிப்பகுதியிலும் பழைய பெயின்ற் இருக்கும். எழுத்தின் குழிக்குள் வெறும் மினுமினுப்பான உலோகமும் சுற்றிவரப் பழைய பெயின்ற்றும் இருந்தால், யாரோ பின்னால் அடித்த எழுத்து.

விளிம்பில் துளைகள்

மார்க் 2 விளிம்பில் சிறு துளைகள் இருந்தால் வாங்குவோர் உடனே ‘துப்பாக்கிச் சூடு’ என்று நினைப்பதுண்டு. துளைக்கருவியால் போட்ட நேர்த்தியான துளைகள் தரக் குறியீடு. சன்னம் தடுக்கும் சோதனையில் தேறாத ஓடுகளும் மென்னுருக்கு ஓடுகளும் போர்முனைக்குப் போகாமல், உள்நாட்டுப் பாதுகாவலருக்கு மட்டும் போகவேண்டும் என்பதற்காக அப்படித் துளைத்தார்கள். பொறுக்கி எடுக்கும் களஞ்சியக்காரர் இருட்டிலும் விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம் அல்லவா.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. தென்னாப்பிரிக்காவில் அடித்த மார்க் 2இல் பின்பக்க விளிம்பில் மூன்று துளைகள் வரும். அவை கழுத்துக்கு வெயில் படாமல் துணி தொங்கவிடுவதற்காக. அந்த ஓடு முழுத் தரமான ராணுவ ஓடு. துளை மூன்று என்றவுடன் ‘தரம் குறைந்தது’ என்று தள்ளிவிடாமல், காந்தத்தையும் முத்திரையையும் சேர்த்துப் பாருங்கள்.

லைனரும் பட்டியும்

முதலாம் போர்க் கால லைனர் மேட்டின் உச்சியில் ரிவெட்டால் பிடிக்கப்பட்டிருக்கும். கறுத்த எண்ணெய்த்துணி, வலை, கம்பளிப் பொதி, 1917 தொட்டு உச்சியில் ஒரு ரப்பர் வளையம். நாடிப்பட்டி தோல். மார்க் 2 லைனர் உச்சியில் ஒரேயொரு போல்ட்டில் நிற்கும், உள்ளே குறுக்குச் சிலுவை போன்ற பொதி இருக்கும். நாடிப்பட்டி காக்கித் துணிக்குள் சுருள் வில் வைத்தது, போரின் பிற்பகுதியில் இழுபடும் நெசவுப் பட்டியாக மாறியது.

இவ்விரண்டுக்கும் நடுவில்தான் மார்க் 1 நட்சத்திரம் நிற்கிறது. 1930களின் பிற்பகுதியில் களஞ்சியத்தில் கிடந்த முதலாம் போர் ஓடுகளை எடுத்து, புது லைனரும் வில் வைத்த பட்டியும் போட்டு மறுபடி கொடுத்தார்கள். எனவே ஓரப்பட்டை காந்தத்தில் ஒட்டி, உள்ளே போல்ட்டில் நிற்கும் லைனர் இருந்தால் ‘ஒட்டுவேலை’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது அரசாங்கமே செய்த ஒட்டுவேலை, தனி வகையாகவே சேகரிக்கப்படுகிறது.

லைனர் பட்டியில் மையால் அடித்த செய்தவர் பெயர், ஆண்டு, அளவு ஆகியவை இருக்கும். அளவு பிரித்தானியத் தொப்பி அளவு: 6¾, 7, 7¼ என்று போகும். 7 என்றால் தலைச்சுற்று ஏறத்தாழ 57 சென்ரிமீற்றர். ஓடு ஒரே அளவுதான், தலைக்கேற்ப மாறுவது லைனர்.

ஆண்டுகள் பொருந்தவில்லையே என்று பதறவேண்டாம். 1939 ஓடு, 1941 லைனர், 1944 பட்டி என்பது போர்க்காலப் பழுதுபார்ப்பில் சாதாரணம். வியர்வையில் லைனர்தான் முதலில் உக்கும். சந்தேகப்படவேண்டியது தலைகீழான வரிசையை: 1943 ஓட்டுக்குள் 1938 லைனர் இருந்தால், அண்மையில் யாரோ மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் உச்சி போல்ட்டைப் பாருங்கள். அதன் தலைக்கும் ஓட்டுக்கும் இடையில் பெயின்ற் வெடிப்பில்லாமல் தொடர்ந்து ஓடினால் பெயின்ற் பூசிய பின் யாரும் கழற்றவில்லை. வெட்டுத்தடம் மினுங்கினால் கழற்றியிருக்கிறார்கள்.

லைனரைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டாக எடுக்கவேண்டாம். முதலாம் போர்க் கால ப்ரோடி லைனர்களில் அஸ்பெஸ்டஸ் கலந்திருப்பது பிரித்தானியாவில் சோதித்து உறுதியான விடயம். உக்கிய பொதியைப் பிய்க்காதீர்கள், தட்டித் தூசி பறக்க விடாதீர்கள், தலையில் போட்டுப் படம் எடுக்கக் கொடுக்காதீர்கள். அடைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். பழைய நச்சுவாயு முகமூடியின் வடிகட்டிக்கும் இதே கட்டளைதான்.

ஆமை ஓடும் உருண்டையும்

மார்க் 3 1943இன் கடைசியில் வந்து, 1944 ஜூன் நோர்மண்டித் தரையிறக்கத்தில் முதன்முதலாகப் பெருமளவில் பயன்பட்டது. மார்க் 4க்கும் அதற்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். பக்கத்திலிருந்து பார்த்து, நாடிப்பட்டிக் காதைப் பிடித்த ரிவெட் எந்த உயரத்தில் என்று கவனியுங்கள். மார்க் 3இல் ரிவெட் விளிம்பிலிருந்து சற்று மேலே ஏறியிருக்கும், மார்க் 4இல் விளிம்பை ஒட்டிக் கீழே. உள்ளே மார்க் 4 லைனர் உச்சியில் போல்ட் இல்லாமல், இழுத்தால் கழரும் அழுத்துப் பொத்தானில் நிற்கும். லைனரைக் கழற்றிவிட்டு ஓட்டைத் தண்ணீர் அள்ளவும் பாவிக்கலாம் என்பதற்காக. மார்க் 3 ஓட்டுக்குள் பின்னால் மார்க் 4 லைனர் போட்டவை உண்டு, ஆகையால் ரிவெட்டின் உயரமே தீர்ப்பு. மார்க் 4 ஓடு 1980களின் நடுப்பகுதி வரை பிரித்தானியப் படையில் இருந்தது. விலை பேசும்போது இதை நினைவில் வையுங்கள், 1950களின் ஆண்டு பதித்த ஆமை ஓட்டுக்கு நோர்மண்டி விலை கொடுக்கக் கூடாது.

உருண்டைக் குடும்பத்தில் பெரிய மோசடி ஒன்றுதான். கவசவாகனப் படைத் தொப்பியும் வான்குடைப் படைத் தொப்பியும் ஒரே ஓட்டு வடிவம், விலையோ மலைக்கும் மடுவுக்கும். கவசவாகனத் தொப்பியில் நாடிப்பட்டி இரு பக்கமும் மட்டும் பிடித்திருக்கும், வான்குடைத் தொப்பியின் பட்டி பிடரியிலும் பிடிக்கும். எனவே பிடரித் துளையைத்தான் பார்க்கவேண்டும். துளையின் உட்சுவர் பளிச்சென்று இருந்தாலோ, துளை ஓரத்தில் பெயின்ற் செதில் உதிர்ந்திருந்தாலோ நேற்றுத் துளைத்தது.

பெயின்ற்

முதலாம் போர்க் கால மார்க் 1இல் பளபளப்பைக் கொல்ல காக்கிப் பெயின்ற்றில் மணலோ மரத்தூளோ கலந்தார்கள், விரலுக்கு அது உறைக்கும். உள்நாட்டுச் சேவைத் தொப்பியில் கறுப்பு மேல் வெள்ளை டபிள்யூ என்றால் விமானத் தாக்குதல் காவலர்.

எழுத்துக்கும் சின்னத்துக்கும் கூடுதல் விலை கேட்டால், உருப்பெருக்கியில் ஒரு கீறலைப் பின்தொடருங்கள். பழைய கீறல் எழுத்தையும் சேர்த்து வெட்டிக்கொண்டு போகவேண்டும். கீறல் எழுத்தின் ஓரத்தில் வந்து நின்று, எழுத்து அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி நிரம்பியிருந்தால், எழுத்து கீறலுக்குப் பின் வந்தது. ஊதாக்கதிர் டோர்ச்சில் லைனர் தையல் நூல் நீலவெள்ளையாகச் சுடர்விட்டால் அது போருக்குப் பிந்தைய நூல்.

கொழும்புக் காற்றில் வைத்திருப்பது

கடற்காற்றுக்கு மாங்கனீஸ் உருக்கும் தப்பாது, கறள் ஏறும். வெள்ளவத்தையில் ரயில் பாதைப் பக்க வீடென்றால் சொல்லவே வேண்டாம். மென்மையான தூரிகையால் தூசியை எடுத்து, நூதனசாலைகளில் பாவிக்கும் நுண்படிக மெழுகை ஓட்டுக்கு மெல்லியதாகப் பூசினால் போதும். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். கறள் நீக்கும் திரவம் கறளோடு பெயின்ற்றையும் கொண்டுபோகும். தோல் பட்டியில் பூஞ்சணம் வந்தால் ஐசோப்ரோபைல் அல்ககோல் சிறிது தொட்ட துணியால் துடைத்து, நிழலில் உலரவிடுங்கள். எண்ணெய்த்துணி லைனரை மடக்கிப் பார்க்காதீர்கள், வெடித்தால் வெடித்ததுதான். இளகிப்போன ரப்பர் துணியில் ஒட்டாமல் இடையில் அமிலமற்ற மெல்லிய தாள் வையுங்கள். அடைத்த பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியவுடன் மாற்றுங்கள்.

போல்ட் கறளில் இறுகியிருந்தால் ஊடுருவும் எண்ணெய் ஒரு துளி விட்டு ஒரு நாள் பொறுங்கள். இன்னும் அசையாவிட்டால் விட்டுவிடுங்கள். லைனர் தேதியை வாசிக்கும் ஆசையில் உச்சியைத் திருகிச் சுற்றிவரப் பெயின்ற்றை உதிர்த்த தொப்பிகள் ஏராளம்.

சட்டம் கேட்போருக்கு: 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தையவற்றையே தொல்பொருள் என்கிறது, இந்தத் தொப்பிகள் அதற்குள் வரமாட்டா. நாட்டுக்கு வெளியே அனுப்புவதென்றால் வேறு விதிகளும் உண்டு, தொல்பொருள் திணைக்களத்தில் முதலில் எழுத்தில் கேளுங்கள்.

தொப்பிக்கு ஒரு சீட்டு எழுதி உள்ளே வையுங்கள். ‘மார்க் 2’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: “ஓடு: ப்ரோடி வடிவம், காந்தம் இழுக்கவில்லை. ஓரப்பட்டை: இழுக்கவில்லை. முத்திரை: பி.எம்.பி. 1939, தேய்ப்புத் தாள் இணைப்பு. துளை: இல்லை. லைனர்: 1941, அளவு 7, போல்ட் கழற்றப்படவில்லை. பட்டி: இழுபடும் நெசவு, 1944. பெயின்ற்: இரண்டு அடுக்கு, மேலது பின்னாளையது. நிறை: லைனரோடு.” நிறையைக் கிராமில் போட்டு, நிறுத்த திகதியையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை இந்த ஊர் ஈரத்தில் பரவிவிடும்.